காலையின் முதல் தண்ணீர்

எங்கள் அடுக்ககத்துக்குச் செயலாளர் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு திருப்பம் திரும்பினால் வரும் சின்னக் கட்டடம் அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து லிப்ட் நின்றால் நான், படிக்கட்டில் நாய் படுத்தால் நான், தண்ணீர் லாரி வராவிட்டால் நான். யாராவது வந்து இந்தப் பதவியை வாங்கிக்கொள்கிறேன் என்றால் இன்றைக்கே சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். யாரும் கேட்பதாக இல்லை.

இந்தப் பதவியில் என்னை அதிகம் படுத்தி எடுத்தவர் மூன்றாவது மாடியில் குடியிருந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் வேண்டாம். அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன என்றாலும் வேண்டாம். வாட்ச்மேன் அவருக்கு வைத்த பெயர் ‘தண்ணி மேடம்’. அதை அவர் காதுபடவே சொல்வான், அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவருக்கு வேலை. வீட்டிலிருந்தே செய்வார். என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன். “மத்தவங்க எழுதினதுல தப்பு கண்டுபிடிக்கறது சார்” என்றார். “அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களாம்மா?” என்று கேட்டேன். சிரிக்கவில்லை. “தப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு சொன்னாத்தான் குடுப்பாங்க” என்றார். எங்கள் கட்டடத்தில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்த்தார்.

மாடிப்படி பல்பு எரியவில்லையா, வாசல் மணி அடிக்கும். கதவைத் திறந்தால் நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நிற்பார். “சார், பல்புக்கு யார் பொறுப்பு?” நான்தான். பார்க்கிங்கில் மழைத்தண்ணீர் தேங்கினால், “சார், இதுக்கு யார் பொறுப்பு?” மழைக்கு நான் பொறுப்பில்லைம்மா என்பேன். “மழைக்கு இல்ல சார். போறதுக்கு வழி விடாமக் கட்டினாங்கல்ல, அதுக்கு” என்பார். எதற்கும் ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்குப் பின்னால் ஒரு ஆள் உண்டு, அந்த ஆளைக் கண்டுபிடித்து நேருக்கு நேர் நிறுத்திக் கேட்க வேண்டும். இதுதான் அவர். சும்மா நடந்துவிட்டது, நம் நேரம், விதி என்றெல்லாம் யாராவது சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

இந்தக் குணத்தால் நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாட்ச்மேன் டெங்கு வந்து படுத்துவிட்டான். வேறு ஆள் பாருங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எனக்கு ஆணை போட்டார்கள். இவர் மட்டும் பார்க்கிங் மூலையில் கிடந்த பழைய டயர்களை, அதில் நெளிந்த கொசுப்புழுவோடு படம் பிடித்துப் போட்டு, ‘அவர் படுத்ததற்கு இந்த டயர்களின் சொந்தக்காரர் பொறுப்பு. யார் என்று சொல்லவும்’ என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் டயர்கள் காணாமல் போயின. வாட்ச்மேன் குணமாகி வரும்வரை அவன் நாற்காலியில் வேறு ஆள் உட்காரவில்லை. கேட்டைத் திறந்து மூடியது யார் என்று கேட்கிறீர்களா? செயலாளர்தான்.

அவர் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தார். படியில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுகிற மனிதர். ஒரே மகள், யாழினி. ஆறு வயது. ஆரம்பத்தில் அந்தக் குழந்தை லிப்டில் ஏறினால் எல்லா மாடிப் பட்டனையும் அமுக்கிவிட்டுத்தான் இறங்கும். இரண்டாவது மாடியில் இருக்கும் நான் கீழே போக வேண்டுமென்றால் முதலில் மொட்டை மாடிவரை போய்வர வேண்டும். என் மனைவிக்கு அவள் என்றால் உயிர். எங்கள் வீட்டில் முறுக்கு டப்பா எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

பிறகு குழந்தை மெல்ல மாறினாள். வயிறு வலிக்கிறது என்று அழுதாள். சோறு இறங்கவில்லை. முகம் வெளுத்தது. லிப்டில் ஏறினால் பேசாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். முந்தின வருடம் படித்த எழுத்தையெல்லாம் மறக்கிறாள் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். பூச்சி மருந்து கொடுத்தார் ஒரு டாக்டர். மொபைலைப் பிடுங்குங்கள் என்றார் இன்னொருவர். கண் பட்டிருக்கும், குன்றத்தூர் முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொள்ளுங்கள் என்றார்கள் உறவினர்கள். அதையும் செய்தார்கள். மொட்டைத் தலையோடு வந்த குழந்தையைப் பார்த்து என் மனைவி அழுதே விட்டாள். அத்தனை இளைத்திருந்தாள்.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு வயதான டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அதன் முடிவு வந்த அன்று எங்கள் வீட்டு மணி அடித்தது.

“சார், பாப்பா ரத்தத்துல லெட் இருக்காம்.”

“அப்படின்னா?”

“காரீயம் சார். பேட்டரில எல்லாம் இருக்குமே, அது.”

“பேட்டரில இருக்கறது குழந்தைக்குள்ள எப்படிம்மா போச்சு?”

“அதத்தான் கண்டுபிடிக்கணும். எங்கேருந்து வருதோ அத நிறுத்தலேன்னா ஏறிக்கிட்டே போகும், மூளைய பாதிக்கும்னு சொன்னார். பெயின்ட்ல வரலாம், பொம்மைல, கண்மைல, மஞ்சள் தூள்ல வரலாம். தண்ணில வரலாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “நம்ம பில்டிங் தண்ணிக்கு யார் சார் பொறுப்பு?”

உள்ளே வாம்மா, உட்கார் என்றேன். உட்காரவில்லை.

பொம்மைகளை மூட்டை கட்டினார். மையும் மஞ்சள் தூளும் குப்பைக்குப் போயின. சுவரைச் சுரண்டிப் பரிசோதனைக்குக் கொடுத்து, இல்லை என்று எழுதி வாங்கினார். மிச்சம் தண்ணீர்தான். சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தைத் தேடிப் பிடித்தார். நான் சங்கக் கூட்டம் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. கட்டடத்தில் பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. மீதிப் பேர் திறந்ததற்கு, திறக்காமலே இருந்திருக்கலாம். “ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு வாங்கிட்டா நாளைக்கு வீடு விக்கும்போது அதக் கேப்பாங்க சார்” என்றார் ஒருவர். “நாங்க எல்லாரும் கேன் தண்ணிதான் குடிக்கறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே” என்றார் இன்னொருவர். யாழினியின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, உங்க பேர்ல வேணாம், என் பேர்லயே எடுத்துக்கறேன். கொழாய மட்டும் காட்டுங்க” என்று எழுந்து போனார்.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. இஷ்டத்துக்குக் குழாயைத் திறந்து பிடித்த தண்ணீர் உதவாது. ராத்திரி முழுக்கக் குழாயிலேயே நின்ற தண்ணீர் வேண்டும். காலையில் யாரும் தொடுவதற்கு முன்னால், திறந்ததும் வருகிற முதல் தண்ணீர். இரும்போ பித்தளையோ, இணைப்பில் இருக்கும் காரீயம் அதில்தான் இறங்கியிருக்குமாம். கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், ரிப்போர்ட் சுத்தமாக வரும்.

சொல்வதற்குச் சுலபம். எங்கள் ஊர்ப் பெண்கள் எழுந்ததும் செய்கிற முதல் காரியமே குழாயைத் திறந்து ஒரு வாளியை நிரப்பி வாசல் தெளிப்பதுதான். முதல் தண்ணீர் மொத்தமும் கோலத்துக்கு அடியில் போய்விடும். வீட்டுக்கு ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டு, காலையில் பிடித்து வையுங்கள் என்று சொல்லியிருந்தார் இவர். போய் வாங்கினால், கீழ்வீட்டு அம்மா பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவி, வடிகட்டிய தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார். “டெஸ்டுக்குப் போற தண்ணி நல்லா இருக்க வேணாமா? உப்புத்தண்ணியவா குடுத்து அனுப்பறது?” என்கிறார். எதிர்வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், புதுக் கேனை உடைத்து ஊற்றிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்பவருக்கு நம்மிடம் இருப்பதில் நல்லதைத்தானே கொடுப்போம், அந்தப் பழக்கம். இவர் பாட்டில்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “மறுபடியும் எடுக்கலாம் சார்” என்றார்.

மறுநாள் விடியும் முன் என்னையும் எழுப்பிவிட்டார். செயலாளர் என்ற முறையில் நான் சாட்சியாம். வீடு வீடாகப் போய்க் குழாயில் முந்தின நாளே ஒட்டிய டேப்பைப் பிரித்து, அவர் கையாலேயே பிடித்தார். மோட்டார் போடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. மேல் தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, நாலாவது மாடியில் பாதிக் குளியலில் சோப்போடு நின்ற ஒருவர் என் பெயரைச் சொல்லி நல்ல வார்த்தை நாலு சொன்னார்.

“இன்னா சார் இது, ஒரே பேஜாரா கீது” என்றான் வாட்ச்மேன். “மோட்டாரப் போடாதன்றாங்கோ தண்ணி மேடம். போடுடான்னு மேலேந்து கத்திகினு கீறாங்கோ. நான் இன்னா சார் பண்றது?”

எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது.

ரிப்போர்ட் வந்தது. காரீயம் இல்லை. கட்டடமே நிம்மதியாக மூச்சு விட்டது, அவரைத் தவிர. நல்ல சேதிதானேம்மா என்றேன். “இங்க இல்லேன்னா வேற எங்கயோ இருக்கு சார். அது இன்னும் பாப்பாவுக்குள்ள போயிக்கிட்டிருக்கு” என்றார். அதற்கப்புறம் அவர் ஓயவில்லை. சம்ப் தண்ணீர், போர் தண்ணீர், பள்ளிக்கூடத்துக் குழாய் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். லாரி எங்கே நிரப்புகிறது என்று பார்க்க அதன் பின்னாலேயே ஸ்கூட்டியில் போனார். பின்சீட்டில் பாட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு நான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

“மேடம், இதே தண்ணிலதான் நானும் குளிக்கறேன், என் புள்ளைங்களும் குளிக்குது. எனக்கு இன்னா ஆச்சு?” என்றார் லாரிக்காரர்.

“உங்க பிள்ளைங்களுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களாண்ணா?”

“எதுக்கு மேடம்?”

“அப்போ ஒண்ணும் ஆகலன்னு எப்படிச் சொல்றீங்க?”

அந்த மனிதர் முகம் மாறிவிட்டது. அவ்வளவு கடுமை தேவையில்லை என்று திரும்பி வரும்போது சொன்னேன். அவர் வண்டியை இன்னும் முறுக்கினார். கேன் போடுகிறவரிடமும் இதே கதை. அவரிடம் கேட்ட கேள்வியில் அவர் மூன்றாவது மாடிக்குக் கேன் தூக்கி வருவதையே நிறுத்திவிட்டார். இவர் வேறு ஆளிடம் வாங்கினார். அந்தத் தண்ணீரையும் பரிசோதித்தார். எல்லாம் சுத்தம். இதற்கு நடுவில் குழந்தைக்கு இரண்டாவது முறை ரத்தம் எடுத்தார்கள். முதலில் இருந்ததைவிட ஏறியிருந்தது.

அந்த நாட்களில் அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தலை வாராமல், படியேறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்ற இடத்தில் சுவரில் போகிற குழாயைத் தடவிப் பார்ப்பார். குழந்தையை ஓட்டலுக்குக் கூட்டிப்போனால் குடிக்கிற டம்ளரைத் தூக்கிப் பார்த்து, “இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?” என்று சப்ளையரைக் கேட்பாராம். அவர் கணவர் ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, “நீங்க சொன்னா கேப்பா சார். கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க” என்றார். அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் போய்ச் சொன்னேன். “கண்டுபிடிச்சிட்டுத் தூங்கறேன் சார்” என்றார்.

கடைசியாக ஒரு தடவை, தன் வீட்டுக் குழாய்களிலேயே மறுபடியும் முதல் தண்ணீர் பிடித்தார். சமையலறை, குளியலறை, கைகழுவுமிடம் என்று ஐந்து பாட்டில். வழக்கம்போல ஸ்கூட்டி, வழக்கம்போல பின்சீட்டு. நாலைந்து நாள் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்ட இளைஞர். உட்காரச் சொன்னார். “மேடம், அஞ்சு பாட்டிலும் ஓகே. ஆறாவதுலதான் இருக்கு. நிறையவே இருக்கு.”

“நான் அஞ்சுதான குடுத்தேன்?”

“பையில ஆறு இருந்துச்சு மேடம். ஆறாவதுல எந்தக் கொழாய்னு எழுதல. படம்தான் போட்டிருந்துச்சு. எதுக்கும் டெஸ்ட் பண்ணிடுவோம்னு பண்ணிட்டேன்.” உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்தார்.

லேபிளில் க்ரேயானால் ஒரு படம். ஆரஞ்சு நிறத்தில் பெரிய வட்டம், அடியில் வளைந்து நீண்ட ஒரு மூக்கு. யாழினி போட்டது என்று பார்த்ததும் தெரிந்தது. அம்மா தினமும் காலையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபிள் ஒட்டுகிறாள். மகளும் மீதியிருந்த ஒரு பாட்டிலில் பிடித்து, எழுத வராததால் படம் போட்டு, பைக்குள் வைத்துவிட்டிருக்கிறாள். “யானையாம்மா?” என்றேன். “வாத்து மாதிரி இருக்கு சார்” என்றார் அந்த இளைஞர். யாழினியின் அம்மா பாட்டிலைக் கையில் வாங்கி, படத்தின் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“தவலை” என்றார். “எங்க வீட்டுச் செப்புத் தவலை.”

புதுமனை புகுவிழாவுக்கு வந்த தவலை அது. செம்புப் பாத்திரத்தில் ராத்திரி முழுக்க வைத்த தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறோமே, அதற்காகக் குழந்தைக்கென்றே வைத்திருந்தார். தினமும் கேன் தண்ணீரை அதில் ஊற்றி மூடி வைப்பார். மொண்டு குடிக்கக் குழந்தைக்கு எட்டவில்லை என்று, பாத்திரப் பட்டறையில் கொடுத்து அடியில் ஒரு பித்தளைக் குழாய் வைத்துப் பற்றவைத்து வாங்கியிருந்தார். ஸ்டூல் போடாமல் யாழினியே திருகிப் பிடித்துக்கொள்ளும் உயரம். காலையில் அவர்களுக்குக் காபி, அது கேன் தண்ணீரில். தவலையின் முதல் டம்ளர் குழந்தைக்கு. பெரியவர்கள் எப்போதாவது அதில் பிடிக்கும் நேரத்துக்குள், ராத்திரி முழுக்கக் குழாயடியில் நின்ற தண்ணீர் போயிருக்கும்.

“பத்தவைக்கறதுல காரீயம் கலந்திருப்பாங்க மேடம்” என்றார் இளைஞர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ராத்திரி பூரா நின்னா இறங்கும். கேன் தண்ணில உப்பு கம்மியா, அதுல இன்னும் சீக்கிரம் இறங்கும்.”

ஊரில் இருக்கிற தண்ணீரையெல்லாம் பரிசோதித்தவருக்குத் தவலையைப் பரிசோதிக்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? சந்தேகப்பட்டதை எல்லாம் பாட்டிலில் பிடித்தார். தவலை மருந்தாக இருந்தது.

திரும்பும்போது கேம்ப் ரோடு சிக்னலில் பச்சை விழுந்தது. ஸ்கூட்டி நகரவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்து, ஆட்டோக்காரர் திட்டி, நான் தோளைத் தொட்டு “அம்மா, போம்மா” என்று சொன்ன பிறகுதான் கிளம்பினார். வீட்டுக்கு வந்து தவலையைச் சாக்கில் போட்டுக் கட்டினார். பழைய இரும்புக்குப் போட்டால் யாராவது எடுத்துத் துலக்கித் தண்ணீர் வைப்பார்கள் என்று, குழாயைச் சம்மட்டியால் அடித்துப் பிய்த்த பிறகே போட்டார். பட்டறைக்காரனைப் போய்க் கேட்கலாமா என்றேன். முதல் தடவையாக அவர் வேண்டாம் என்றார். “எல்லாத்துக்கும் வைக்கற மாதிரிதான் வச்சார். குடிக்கற தண்ணிக்குன்னு நானும் சொல்லல, அவரும் கேக்கல. விடுங்க சார்.”

பிறகு ஒவ்வொருவரிடமாகப் போனார். கீழ்வீட்டு அம்மா, எதிர்வீட்டுக்காரர், கேன் போடுகிறவர், லாரிக்காரர்வரை. நடந்ததைச் சொல்லி, உங்களையெல்லாம் சந்தேகப்பட்டுப் படுத்திவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அவர்களும் நல்லவர்கள்தான். எல்லோரும் ஒன்றே சொன்னார்கள். “விடுங்க மேடம். தெரிஞ்சா செஞ்சீங்க? நல்லதுக்குத்தான செஞ்சீங்க.” லாரிக்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். அடுத்த சங்கக் கூட்டத்தில், கட்டடத் தண்ணீர் சுத்தம் என்று ரிப்போர்ட்டே இருக்கிறது, வீடு விற்கும்போது காட்டலாம் என்று ஒருவர் சந்தோஷப்பட்டார். எனக்கு வந்த கோபத்தில் கூட்டத்தை அத்தோடு முடித்துவிட்டேன்.

குழந்தை தேறினாள். ரத்தத்தில் அளவு ஒவ்வொரு முறையும் இறங்கியது. வயிற்று வலி போனது, முடி வளர்ந்தது. ஒருநாள் லிப்ட் எல்லா மாடியிலும் நின்று நின்று வந்தபோது என் மனைவி கைதட்டினாள். ஆனால் எழுத்து மட்டும் திரும்பவில்லை. கூடப் படித்தவர்கள் அடுத்த வகுப்புக்குப் போக, இவள் அதே வகுப்பில் உட்கார்ந்தாள்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், என் மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவர் வந்தார். டாக்டரிடம் போய்விட்டு நேராக வருவது தெரிந்தது. உள்ளே வந்து, எப்போதும் உட்காராதவர், செருப்பு வைக்கும் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பாப்பாவுக்கு எவ்ளோ போச்சுன்னு கேட்டேன் சார். படிக்க வராதது அதனாலயா, இல்ல அவ சுபாவமே அதானான்னு கேட்டேன். சொல்ல முடியாதுங்கறார். அதக் கண்டுபிடிக்க டெஸ்ட் இல்லையாம்.”

“விடும்மா, போகப் போகச் சரியாயிடும்” என்றேன்.

“நீங்களும் அதையே சொல்லாதீங்க சார்.” நிமிர்ந்து பார்த்தார். “நான் உங்கள எவ்ளோ படுத்தினேன். லாரிக்காரர எப்படிப் பேசினேன். என்ன யாருமே ஒரு வார்த்தை கேக்கல. என் வீட்டுக்காரர்கூட, நீ தூங்குங்கறார். வீட்ல யாரும் அதப் பத்திப் பேசறதே இல்ல. ஒருத்தராவது திட்டுங்க சார். நீங்க திட்டுங்க.”

வேண்டாம்மா என்றேன். விடவில்லை. நானும் எத்தனை நாள் எத்தனை விடியல் அவரோடு அலைந்து களைத்துப் போயிருந்தேன். அந்தக் களைப்போ, குழந்தையை நினைத்தோ, எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மரியாதையெல்லாம் போய்விட்டது.

“என்ன பொம்பளம்மா நீ? லாரித் தண்ணிய டெஸ்ட் பண்ணே, என் வீட்டுத் தண்ணிய டெஸ்ட் பண்ணே. காலைல உன் கண்ணு முன்னாடி உன் பொண்ணு எதக் குடிக்கறான்னு ஒரு நாள் பாத்தியா? ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் நிக்க வச்சுக் கேள்வி கேட்டியே, உன் சமையக்கட்ட மட்டும் எப்படி விட்டே? வயிறு வலிக்குதுன்னு அந்தக் குழந்தை அழுதுச்சே, அப்பவும் அதைத்தான குடுத்தே?”

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார்” என்றார். “வயித்துக்கு நல்லதுன்னு இன்னொரு டம்ளரும் குடுத்தேன். வேணாம் வேணாம்னு தலைய ஆட்டினா. வாயப் பிடிச்சு ஊத்தினேன்.”

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. இத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. செருப்புப் பலகையில் உட்கார்ந்து, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, மாடிப்படிவரை கேட்கும்படி அழுதார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். விடும்மா என்று நான் சொல்லவில்லை.